கருமைப் பூச்சு புற்றுச்செல்லை எப்படிக் கொல்கிறது?

2007-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு கட்டுரை, பொருளறிவியல் துறையில் அதுவரை யாரும் எதிர்பாராத அளவுக்கு எளிமையான ஒரு செய்முறையைச் சொன்னது. ஒரு லிட்டர் நீரின் காரத்தன்மையைக் கடல்நீரைவிடச் சற்றே கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 2 கிராம் டோபமைனைக் கரைக்க வேண்டும். பூச வேண்டிய பொருளை அதில் அமிழ்த்திவிட்டுப் போய்விடலாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் மீதி வேலையைச் செய்யும். ஒரு நாளில் அந்தப் பொருளின்மீது ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமனுக்குக் கருமையான ஒரு படலம் படிந்திருக்கும். கண்ணாடி, தங்கம், உலோக ஆக்சைடு, எதுவும் ஒட்டாது என்று பெயரெடுத்த டெஃப்லான் என எதன்மீதும் அது படிந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹேஷின் லீ, ஃபிலிப் மெஸ்ஸர்ஸ்மித் முதலானோர் செய்த இந்த ஆய்வுக்குத் தூண்டுகோல், அலையடிக்கும் பாறையில் விடாப்பிடியாக ஒட்டி வாழும் சிப்பி. அதன் பசைப் புரதத்தில் டோபா என்ற மூலக்கூறு நிறைந்திருப்பதை ஹெர்பர்ட் வெய்ட் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். டோபாவுக்கு நெருங்கிய உறவான டோபமைனிலிருந்து உருவாகும் இந்தப் படலத்தின் பெயர் பாலிடோபமைன். வேதியியல்படி இது நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு.

அந்த உறவு தெரிந்தபின் அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. மெலனினை உற்பத்தி செய்யும் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது மெலனோமா. தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியது. உலக அளவில் 2020-இல் ஏறத்தாழ 3,25,000 பேருக்கு இந்நோய் புதிதாக வந்தது என்றும் 57,000 பேர் இறந்தார்கள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. மெலனின் போன்ற ஒரு பூச்சின்மீது இந்தச் செல்களை வளர்த்தால் என்ன ஆகும்? ஆய்விதழ்களைப் புரட்டினால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. செல்கள் நன்றாக ஒட்டி வளர்கின்றன என்பது ஒன்று. அவை செத்துப்போகின்றன என்பது மற்றொன்று. இரண்டுமே நேர்மையான அளவீடுகள்தாம். ஆனால் இரண்டாவது முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘மெலனின் பூச்சு புற்றுநோயைக் கொல்கிறது’ என்று தலைப்பிடும்போது ஒரு தப்பான படம் உருவாகிறது. கறுத்து முதிர்ந்த பூச்சு தன்னளவில் சாதுவான பொருள். அதைச் சுற்றி நிகழும் சாவுக்குக் காரணங்களை வேறு இரண்டு இடங்களில் தேட வேண்டும்: பூச்சு உருவாகும்போது வெளிப்படும் வேதிப்பொருள்களில் ஒன்று, பூச்சின்மேல் விழும் ஒளியில் மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்காத எந்த ஆய்வையும் சிகிச்சைக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் வாதம்.

வேதியியலிலிருந்து தொடங்குவோம். நறுக்கி வைத்த கத்தரிக்காய் சற்று நேரத்தில் கறுத்துப்போவதைப் போன்றதுதான் அடிப்படை வினை. கேட்டகால் என்ற வகைச் சேர்மம் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து குயினோனாக மாறுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து கருமையான பெருமூலக்கூறு ஆகின்றன. நம் தோலில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் என்ற நொதி டோபாவாக்கி, பிறகு டோபாகுயினோன் ஆக்குகிறது. அங்கிருந்து சில படிகளில் மெலனின் பிறக்கிறது. உடல் இந்த வினையைச் செல்லுக்குள் திறந்தவெளியில் நடத்துவதில்லை. மெலனோசோம் என்ற சவ்வுப் பைக்குள் பூட்டி நடத்துகிறது. இடையில் தோன்றும் குயினோன்கள் புரதங்களையும் டி.என்.ஏ-வையும் தாக்கக்கூடியவை, வினையின்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. மெலனின் ஆபத்தில்லாத பொருளாக வெளியே வருகிறது என்றாலும், அதை உருவாக்கும் பாதை ஆபத்தானது என்பதால்தான் அந்தப் பைக்கே தேவை வந்தது. ஆய்வகக் குடுவையில் அப்படி ஒரு பை கிடையாது. பூச்சு படியும் கரைசலில் முதிர்ந்த பொருள், பாதி முதிர்ந்த பொருள், வினைபுரியாத டோபமைன், பெராக்சைடு எல்லாமே ஒன்றாகக் கிடக்கின்றன. பாலிடோபமைனின் துல்லியமான கட்டமைப்பு எது என்று வேதியியலாளர்களே இன்னும் ஒருமித்து முடிவு சொல்லவில்லை. நாப்போலியில் மார்கோ டிஸ்கியாவின் குழு, காரத்தன்மையை நிலைநிறுத்துவதற்காகச் சேர்க்கும் டிரிஸ் என்ற சாதாரணப் பொருளே படலத்துக்குள் புகுந்து அதன் இயல்பை மாற்றுகிறது என்று காட்டியது. இரண்டு ஆய்வகங்கள் ஒரே பெயரில் குறிப்பிடும் பூச்சு ஒரே பொருளாக இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

மெலனின் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. அதில் உண்மையும் உண்டு. கறுத்த மேல்தோலின் வழியாக ஊடுருவும் புற ஊதா-பி கதிர் சராசரியாக ஏறத்தாழ 7 சதவீதம், வெளிர்ந்த தோலின் வழியாக 24 சதவீதம் என்று 1979-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. உறிஞ்சிய ஒளியாற்றலில் 99 சதவீதத்துக்கும் மேலானதை மெலனின் தீங்கற்ற வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆனால் 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் பிராஷின் குழு கண்டது வேறு கதை. புற ஊதா ஒளியை அணைத்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகும், மெலனினை உற்பத்தி செய்யும் மெலனோசைட்டுகளின் டி.என்.ஏ-வில் புதுச் சேதம் தோன்றிக்கொண்டிருந்தது. ஒளி தூண்டிவிட்ட வேதிவினைகள் மெலனினைக் கிளர்வுற்ற நிலைக்குக் கொண்டுபோக, அந்த ஆற்றல் இருட்டிலேயே டி.என்.ஏ-வுக்குக் கைமாறியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், பாஸ்டனில் டேவிட் ஃபிஷரின் குழு, செம்பட்டை நிறத்துக்குக் காரணமான ஃபியோமெலனினை உற்பத்தி செய்யும் எலிகளில், புற ஊதா ஒளி படாமலேயே மெலனோமா உருவாவதைக் காட்டியது. நிறமியே உற்பத்தியாகாதபடி செய்த எலிகளுக்கு அந்த ஆபத்து குறைந்தது. மெலனினுக்குள் நிலையான தனி உறுப்புகள் இருப்பது 1954 முதலே தெரிந்த செய்தி. இரும்பும் செம்பும் அளவோடு இருந்தால் அது ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும். உலோகங்கள் நிரம்பி வழிந்தால் அதுவே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். ‘இயற்கையான பொருள், அதனால் தீங்கில்லை’ என்ற விளம்பர வாசகம் மெலனினிடம் செல்லுபடியாகாது.

சரி, நன்றாகக் கழுவி உலர்த்திய பூச்சின்மேல் செல்களை இட்டால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் வாழ்கின்றன. தென்கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவனத்தில் 2010-இல் செய்த ஆய்வில், பொதுவாகச் செல்கள் ஒட்ட மறுக்கும் டெஃப்லான், சிலிக்கோன் ரப்பர் போன்ற பரப்புகளுக்குப் பாலிடோபமைன் பூசியதும் பாலூட்டிகளின் செல்கள் அவற்றில் ஒட்டிப் படர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு எம்.ஐ.டி-யில் மெலனின் படலங்களின்மீது நரம்பைச் சார்ந்த செல்கள் நன்கு வளர்ந்ததாக ராபர்ட் லாங்கரின் குழு எழுதியது. இதில் வியக்க ஒன்றுமில்லை. பூச்சு புரதங்களை ஆவலோடு பற்றிக்கொள்ளும் பரப்பு. செல் வளர்ப்பு ஊடகத்தில் கலந்திருக்கும் சீரத்திலிருந்து ஒட்டுப் புரதங்கள் முதலில் வந்து படிகின்றன. அவற்றின் மேல்தான் செல் கால் ஊன்றுகிறது. அதாவது, செல் தொடுவது பெரும்பாலும் கறுப்புப் படலத்தையே அல்ல, அதன் மேல் போர்த்திய புரத அடுக்கை. புற்றுச்செல்லும் இதற்கு விலக்கு இல்லை. ஒட்டுவதற்கு வசதியான இடம் கிடைத்தால் அதுவும் ஒட்டும். இந்த நிலையில் ‘மெலனின் போன்றது என்பதாலேயே மெலனோமாச் செல் இதை அடையாளம் கண்டு சாகிறது’ என்ற விளக்கத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும்.

கொலையாளி எங்கே இருக்கிறான் என்பதற்கு ஒரு துப்பு, பூச்சுகளோடு சம்பந்தமே இல்லாத ஒரு பழைய ஆய்வில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேரி ஹாலிவெல் முதலானோர் 2002-இல், செல் வளர்ப்பில் டோபமைன் செல்களைக் கொல்வது சோதனைக் கிண்ணத்தின் கைவரிசையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஊடகத்தில் இட்டவுடனே டோபமைன் தானாக ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுகிறது. செல்லைக் கொல்வது அந்தப் பெராக்சைடு. அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தால் நச்சுத்தன்மை பெருமளவு அடங்கிவிடுகிறது. உடலுக்குள் இரத்தத்திலும் திசுக்களிலும் கேட்டலேஸ் தாராளமாக உண்டு, கிண்ணத்தில் இல்லை. இதைப் பாலிடோபமைனுக்குப் பொருத்திப் பாருங்கள். புதிதாகப் படிந்து சரியாகக் கழுவப்படாத பூச்சு, அல்லது இன்னும் ஆக்சிஜனேற்றம் முடியாத கேட்டகால் குழுக்கள் மிஞ்சியிருக்கும் பூச்சு, செல்லின் அருகில் பெராக்சைடைக் கசியவிடும். சிப்பியைப் பின்பற்றிச் செய்த கேட்டகால் பசைகள் இறுகும்போது பெராக்சைடு வெளிப்படுவதை மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். கிருமிகளைக் கொல்ல அதைப் பயன்படுத்தவும் முயன்றிருக்கிறார்கள். ஆகவே ‘பூச்சு செல்லைக் கொன்றது’ என்ற வாக்கியம், பூச்சு எத்தனை நாள் பழையது, எத்தனை முறை கழுவப்பட்டது, கேட்டலேஸ் சேர்த்த ஒப்பீடு இருந்ததா என்ற தகவல்கள் இல்லாமல் பாதி வாக்கியம்தான்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. பெராக்சைடுதான் கொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதனால் என்ன குறைந்துபோயிற்று? மெலனோமாச் செல்லுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜனேற்ற நெருக்கடி அதிகம். அதன் மெலனோசோம்கள் ஒழுங்கு குலைந்தவை. சவ்வுப் பைகளிலிருந்து வினைப்பொருள்கள் கசிகின்றன. கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஃபிராங்க் மெய்ஸ்கென்ஸும் அவருடைய சகாக்களும் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். விளிம்பில் நிற்கும் செல்லை இன்னும் கொஞ்சம் தள்ளினால் அது விழும்; சாதாரணச் செல் தாக்குப்பிடிக்கும். இந்த யோசனை புதிதும் அல்ல. மெலனோமாவின் சொந்த டைரோசினேஸையே அதற்கு எதிராகத் திருப்பலாம் என்ற நோக்கில், எல்-டோபாவின் ஒரு வகையைப் புற்றெதிர்ப்பு மருந்தாக 1977-இலேயே ‘நேச்சர்’ இதழில் முன்மொழிந்தார்கள். வாதத்தின் தர்க்கம் எனக்கு ஏற்புடையதே. தடை வேறிடத்தில் இருக்கிறது: அளவு. பெராக்சைடு மிகுந்தால் செல் சாகும். சிறிதளவு இருந்தால் அதே பெராக்சைடு வளர்ச்சிச் சமிக்ஞையாக வேலை செய்து செல்லைப் பெருகத் தூண்டக்கூடும். கசிவு நாளுக்கு நாள் குறையும் ஒரு பூச்சு முதல் நாளில் எதிரி, பத்தாம் நாளில் ஊட்டம் என்று மாறுவதற்கு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் முன்மொழிந்த அந்த டோபா யோசனை இன்றுவரை மெலனோமாவின் வழக்கமான சிகிச்சைகளில் இடம்பெறவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைவிடச் சிக்கலான ஒரு செய்தி 2015-இல் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. டெக்சாஸில் ஷான் மாரிசனின் குழு, மனித மெலனோமாச் செல்களை எலிகளில் வைத்துப் பின்தொடர்ந்தது. இரத்தத்தில் இறங்கி வேறு உறுப்புக்குப் போக முயலும் செல்களில் பெரும்பாலானவை ஆக்சிஜனேற்ற அழுத்தம் தாங்காமல் அழிகின்றன. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியைக் கொடுத்தால் அவற்றுக்கு உயிர் தப்ப உதவி கிடைக்கிறது என்று தெரிந்தது. ஸ்வீடனில் மார்ட்டின் பெர்கோவின் குழு, என்-அசிடைல்சிஸ்டைன் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி கலந்த நீரைக் குடித்த எலிகளில் மெலனோமா நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அதிகரித்ததைக் கண்டது. இப்போது பூச்சுக்கு வாருங்கள். முழுதாக முதிர்ந்து, நன்றாகக் கழுவப்பட்ட பாலிடோபமைன் ஒரு சிறந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. தனி உறுப்புகளை வாங்கி அடக்கிவிடும். காயம் ஆறுவதற்கு அது நல்லது. நார்த்வெஸ்டர்னில் செயற்கை மெலனினைத் தோலின் மேல் தடவி, இரசாயனத்தாலும் புற ஊதாக் கதிராலும் ஏற்பட்ட புண் வேகமாக ஆறுவதை 2023-இல் காட்டியிருக்கிறார்கள். அதே குணம், அறுவைக்குப் பிறகு நாலைந்து புற்றுச்செல்கள் மிஞ்சிய இடத்தில் யாருக்கு நல்லது செய்யும்? எலியின் குடிநீரில் கலந்த மருந்து உடல் முழுதும் பரவுவது; தோலின் மேல் ஒட்டிய படலம் அப்படிப் பரவாது. எனவே அந்த ஆபத்து அப்படியே இங்கும் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ என்ற அடைமொழியைப் புற்றுநோய்ச் சூழலில் ஒரு தகுதிச் சான்றிதழாக நீட்டும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது பொறுப்பான செயல் அல்ல.

கட்டிக்குள்ளேயே இருக்கும் மெலனினைப் பற்றிய சான்றுகளும் ஒரே பக்கமாகச் சாய்வதில்லை. போலந்தின் கிராக்கோவ் நகரில் மைக்கேல் சார்னாவும் சகாக்களும் நிறமி நிறைந்த மெலனோமாச் செல்கள் விறைப்பானவை என்று அளந்தார்கள். விறைப்பான செல்லால் திசுக்களின் இடுக்குகளில் நெளிந்து நுழைய முடிவதில்லை. 2019-இல் அவர்கள் எலிகளில் செய்த சோதனையில், நிறமியுள்ள செல்கள் நிறமியற்றவற்றைவிடக் குறைவாகப் பரவின. இதைப் படித்தவுடன் மெலனின் நம் கட்சி என்று தோன்றும். ஆனால் மைக்கேல் காட்ஸ்மனின் குழு 2006-இல் காட்டியபடி, சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை மெலனோசோம்கள் பிடித்துப் பதுக்கிவைத்துக்கொள்கின்றன, மருந்து டி.என்.ஏ-வை எட்டுவதில்லை. நிறமி மிகுந்த கட்டிகள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் சரியாகப் பணிவதில்லை என்பது ஆண்ட்ரெய் ஸ்லோமின்ஸ்கியோடு இணைந்த போலந்து ஆய்வாளர்கள் நோயாளிகளின் பதிவுகளிலிருந்து எடுத்த முடிவு. பூச்சு செல்லுக்கு வெளியே இருப்பதால் இதெல்லாம் அதற்குப் பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். தட்டையான படலத்துக்கு அது பெரும்பாலும் சரி. நானோத் துகளாகச் செய்தால் சரியில்லை. செல்கள் துகளை விழுங்கிவிடும். நேத்தன் ஜியானெஸ்கியின் குழு 2017-இல், மனித மேல்தோல் செல்களான கெரட்டினோசைட்டுகள் பாலிடோபமைன் துகள்களை விழுங்கி, இயற்கை மெலனின் செய்வதைப் போலவே உட்கருவைச் சுற்றிக் குடைபோல் அடுக்கிக்கொண்டதைப் படம்பிடித்துக் காட்டியது. புற ஊதாவிலிருந்து அவை காக்கவும் செய்தன. நல்ல செல்லுக்குக் குடை பிடிக்கும் துகள் கெட்ட செல்லுக்குப் பிடிக்காது என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது.

இவ்வளவு தயக்கங்களுக்குப் பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதிக்கு வருகிறேன்: ஒளி. மெலனின் எல்லா நிற ஒளியையும் உறிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையும் ஓரளவு உறிஞ்சி வெப்பமாக்குகிறது. இந்த அலைநீளத்தில் தசையும் இரத்தமும் குறைவாக உறிஞ்சுவதால் ஒளி தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் இறங்க முடியும். 2013-இல் சீனாவின் சாங்சுன் நகர ஆய்வாளர்கள் பாலிடோபமைன் நானோ உருண்டைகளைக் கட்டிக்குள் செலுத்தி 808 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினார்கள். துகள்கள் ஒளியை வெப்பமாக்கும் திறன் 40 சதவீதம் என்று அளந்தார்கள். எலியின் கட்டி கருகியது. இத்தகைய சோதனையின் அழகே அதன் ஒப்பீட்டில் இருக்கிறது. துகள் மட்டும், லேசர் மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. துகள் மட்டும் இருந்தால் செல்கள் வாழ்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சாகின்றன. மேற்பரப்பு சாதுவானது, கொல்வது அதன்மேல் விழும் ஒளி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதன் அடுத்த கட்டமாக, நுண்ணிழைகளாலான விரிப்புக்குப் பாலிடோபமைன் பூசி, கட்டியை வெட்டியெடுத்த புண்ணின்மேல் போர்த்தும் யோசனை வந்தது. முதலில் லேசரால் சூடாக்கி மிச்சமிருக்கும் புற்றுச்செல்லைச் சுட வேண்டும். பிறகு அதே விரிப்பு சாதாரணத் தோல் செல்கள் ஒட்டி வளர்வதற்குத் தளமாக வேண்டும். பூச்சின் இரண்டு குணங்களையும் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்தும் இந்த வடிவமைப்பு, படித்தவற்றிலேயே எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

வெப்பம்தான் வேண்டுமென்றால் தங்க நானோத்தண்டுகள் இருக்கின்றனவே, எதற்கு இந்த மெலனின் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒளியைப் பிடிப்பதில் தங்கம் சளைத்ததல்ல. ஆனால் தங்கம் உடலில் சிதையாது; கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடும். பாலிடோபமைன் ஆக்சிஜனேற்றத்தால் மெல்லச் சிதைகிறது, எதன்மீதும் ஒட்டுகிறது, மருந்தையும் உலோக அயனிகளையும் தாங்கிக்கொள்கிறது. எம்.ஆர்.ஐ படத்தில் தெரிய வேண்டுமென்றால் இரும்பையோ மாங்கனீசையோ ஏற்றினால் போதும். அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது: மெலனோமா நோயாளியைக் கொல்வது தோலில் இருக்கும் கட்டி அல்ல, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய கட்டிகள். சில மில்லிமீட்டர் ஆழம் சூடாக்கும் விரிப்பு அங்கே என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப், வெமுராஃபெனிப் போன்றவையும் அவற்றுக்குப் பின்வந்த மருந்துகளும்தான் பரவிய மெலனோமாவின் போக்கை மாற்றின. பூச்சு அவற்றுக்குப் போட்டி ஆகாது. வெட்டிய இடத்தில் நோய் மீண்டும் தலைதூக்காமல் தடுப்பது, புண்ணை ஆற்றுவது என்ற குறுகிய எல்லைக்குள் அது பயன்படலாம். மெலனோமாவுக்கென மருந்துக்கடையில் கிடைக்கும் பாலிடோபமைன் பூச்சு எதுவும் இன்று இல்லை.

ஆய்வுகளின் மற்றொரு குறை, சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் எலியில் இருக்கிறது. உலகம் முழுவதும் இத்தகைய ஆய்வுகளில் புழங்கும் பி16 என்ற மெலனோமாச் செல் வகை, 1954-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு சி57பிஎல்/6 எலியில் தானாகத் தோன்றிய கட்டியின் வாரிசு. இந்த எலியின் முடி கறுப்பு. ஆனால் முதுகுத் தோலில் நிறமி உற்பத்தி செய்யும் செல்கள் மயிர்க்கால்களுக்குள் மட்டுமே இருக்கின்றன. முடியை மழித்துவிட்டால் கீழே வெளிர்ந்த தோல்தான். மற்ற சோதனைகள் வெள்ளெலிகளிலோ முடியற்ற எலிகளிலோ நடக்கின்றன. ஆக, லேசர் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போகும் தோலில்தான் நாம் வெற்றியை அளந்துகொண்டிருக்கிறோம். கறுத்த மனிதத் தோலில் மேல்தோல் முழுவதும் மெலனின் பரவியிருக்கிறது. பூச்சை எட்டுவதற்கு முன்பே 808 நானோமீட்டர் ஒளியின் ஒரு பகுதியை அது உறிஞ்சும். நோயாளியின் ஆரோக்கியமான தோலும் சூடேறும். முடி அகற்றும் லேசரில் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டரைத் தோல் மருத்துவர்கள் விரும்புவது இந்தச் சுடுபுண்ணுக்குப் பயந்துதான். மெலனினைப் பின்பற்றிச் செய்த ஒரு சிகிச்சையின் சோதனைகளில் மெலனின் நிறைந்த தோலுக்கு இடமில்லாமல் போனது வேடிக்கைதான். ரசிக்கும்படியான வேடிக்கை அல்ல.

இந்தியர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வரும்போது அது வெயில் படும் முதுகைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களை அதிகம் தேர்ந்தெடுக்கிறது. பாப் மார்லியின் கால்விரலில் தோன்றி 1981-இல் அவர் உயிரைக் குடித்ததும் இந்த வகைதான். இதற்கும் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பு குறைவு. மற்ற மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் காணப்படும் பிராஃப் மரபணு மாற்றம் இதில் அவ்வளவாக இல்லை. எனவே அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் போன்ற மருந்துகளும் சிலருக்கே பயன்படும். இபிலிமுமாப் போன்ற, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்கும் இது வெயில்சார்ந்த மெலனோமா அளவுக்கு இணங்குவதில்லை. அறுவையில் பாதத்தின் ஒரு பகுதியையே எடுக்க நேரும். உடல் எடையைத் தாங்கும் இடத்தில் அந்தப் புண் ஆறுவது மெதுவாகத்தான். பூச்சு விரிப்புக்கு உண்மையான தேவை எங்கேனும் உண்டென்றால் அது இங்கேதான் என்று நினைக்கிறேன். அதோடு ஓர் அனுகூலமும் உண்டு. உள்ளங்காலின் அடித்தோலிலுள்ள செல்கள் டிகேகே1 என்ற புரதத்தைச் சுரந்து மெலனோசைட்டுகளை அடக்கி வைப்பதால், எவ்வளவு கறுத்தவருக்கும் உள்ளங்கால் வெளிர்ந்தே இருக்கிறது. லேசர் நிறமியில் தடுக்கி விழும் ஆபத்து அங்கே குறைவு. மறுபுறம், அங்குள்ள தடித்த கொம்புத்தோல் ஒளியைச் சிதறடிக்கும். எது மேலோங்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அந்த அளவீட்டுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அறுவையில் நீக்கப்படும் உள்ளங்கால் தோல், நோயாளியின் ஒப்புதல், ஒரு லேசர், ஒரு வெப்பமானி, கொஞ்சம் கேட்டலேஸ் இருந்தால் போதும். பாலிடோபமைனில் வேலை செய்யும் இந்திய ஆய்வகங்கள் இன்னுமொரு வெள்ளெலியின் முதுகைச் சூடாக்குவதற்கு முன்பு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.